முதல் கட்டு

கத்தரியில் புழு விழுந்துவிட்டது. ஒரு தோட்டம் தப்பவில்லை.

குருத்து தலை சாய்ந்தது. காய் பார்க்கப் பளபளவென்று இருக்கும். அறுத்தால் உள்ளே நெளியும். சந்தைக்குப் போன கூடை போன மாதிரியே திரும்பி வந்தது. மாட்டுக்குப் போட்டார்கள். கொஞ்ச நாளில் மாடும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஊர் செம்பாறைக்குப்பம். மலையடிவாரம். ஆளுக்கு அரைக் காணி, முக்கால் காணி. கிணற்றுத் தண்ணீர். வருஷம் முழுக்க யாராவது ஒருவர் தோட்டத்தில் கத்தரி இருக்கும். ஊர் ஓரத்தில் ஒரு கல் மடம். மடத்தில் இரண்டு பேர். அடிகள் ஒருவர், சீடன் மாசிலாமணி ஒருவன்.

சீடன் என்றால் பையன் இல்லை. அடிகளைவிட மூத்தவன். மீசை நரைத்தவன். முன்பு ஊர்த் தோட்டங்களுக்கெல்லாம் பூச்சிமருந்து அடித்தவன். ஒருநாள் மருந்து டேங்கு முதுகில் இருக்கும்போதே வரப்பில் சாய்ந்தான். வாயில் நுரை. அடிகள்தான் தூக்கி வந்து, சட்டையைக் கிழித்தெறிந்து, சோப்பு போட்டுக் கழுவி, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிழைத்து வந்தவன் வீட்டுக்குப் போகவில்லை. டேங்கை மடத்து ஆணியில் மாட்டினான். அங்கேயே இருந்துவிட்டான்.

அந்த டேங்கு அவனுக்கு முன்னால் வேறொருவன் முதுகில் இருந்தது. கெங்கம்மாவின் புருஷன். அவனும் ஒருநாள் வரப்பில் சாய்ந்தான். அவன் பிழைக்கவில்லை.

மாசிலாமணி விழுந்த வருஷம்தான் ஊர் கூடி, இனி மருந்து வேண்டாம் என்றது. அடிகள் சொன்னதற்காக இல்லை. கெங்கம்மா ஊர் நடுவில் வந்து நின்று கேட்டாள்.

"அடுத்தது எந்த வீட்டு ஆம்பளை? இப்பவே சொல்லிடுங்க. பாடைக்கு ஓலை வெட்டணும்."

மருந்து நின்றது.

அதற்குப் பதில் செய்ய வேண்டியதை அடிகள் சொன்னார். விடிந்ததும் தோட்டத்தில் இறங்கு. வாடின குருத்தைக் கிள்ளிப் பையில் போட்டு வாயைக் கட்டு. ஓட்டை விழுந்த காயைக் குழி வெட்டிப் புதை. வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளி. ஒருத்தர் விட்டாலும் எல்லாருக்கும் போச்சு. இவ்வளவுதான்.

செய்தார்கள். முதல் போகம் பரவாயில்லை. அடுத்தது சுமார். இந்தப் போகம் இப்படி.

மடத்தில் தினம் மதியம் கஞ்சி. பசித்து வந்தவருக்கெல்லாம் உண்டு. அடுப்புக்கு விறகு ஊர் தரும். ஒரு தோட்டம் காய்த்து ஓய்ந்தால், செடியைப் பிடுங்கிக் காயவைத்துக் கட்டாகக் கட்டுவார்கள். அதற்குக் கத்தரிமார் என்று பேர். நன்றாக எரியும். முதல் கட்டு மடத்துக்கு. மீதி செங்கல் சூளைக்குப் போய்விடும். தாத்தன் காலத்துப் பழக்கம்.

அன்றைக்கு யார் கட்டு அடுப்பில் எரிகிறதோ அவர் பேரை, முதல் அகப்பை ஊற்றும் முன் மாசிலாமணி சத்தமாகச் சொல்வான்.

"இன்னைக்கு அடுப்பு இன்னார் பேர்ல."

அந்த ஒரு சொல்லுக்காக ஊர் கட்டு கட்டியது. பெரிய கட்டாகக் கட்டியது. எரிந்ததைவிட வந்தது அதிகம். மடத்துக்குப் பின்னால், பாறை மேல், கட்டுகள் ஆள் உயரத்துக்கு மேல் ஏறிவிட்டன. நனையாமல் பனையோலை போட்டு மூடியிருந்தார்கள். அதைத் தாண்டிப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவார்கள்.

மாசிலாமணி அடிகளிடம் வந்தான்.

"சாமி, எல்லாம் செஞ்சாச்சு. இன்னும் புழு."

"ம்."

"யாரோ ஏமாத்தறாங்க. கிள்ளாமலே கிள்ளினேன்னு சொல்றாங்க."

"யாரு?"

"அதைத்தான் கேக்க வந்தேன்."

"எங்க அதிகமோ அங்க போய்ப் பாரு."

போனான். ஒவ்வொரு தோட்டமாக ஏறி இறங்கினான். எங்கும் புழுதான். ஆனால் கெங்கம்மா தோட்டத்தில்தான் மிக அதிகம். மடத்துப் பின்சுவரை ஒட்டிய தோட்டம் அவளுடையது. சுவரோரத்துப் பாத்தியில் ஒரு குருத்துகூட நிமிர்ந்து நிற்கவில்லை.

கெங்கம்மா குனிந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இவன் பாத்தி ஓரத்தில், சுவரில் முதுகு உரச நின்றுகொண்டு கேட்டான்.

"குருத்து கிள்ளினியா?"

"கிள்ளினேன்."

"அப்புறம் ஏன் இப்படி?"

"புழுவைக் கேளு. என்னைக் கேக்கற."

"ஒண்டியா இருக்கற பொம்பளை. முடியலன்னா முடியலன்னு சொல்லிடு கெங்கம்மா. தப்பில்ல."

அவள் நிமிர்ந்தாள்.

"முடியாததைத்தான்ணா இத்தனை வருஷமா செஞ்சுக்கினு இருக்கறேன். நீ போய் அடுத்த தோட்டம் பாரு."

அவன் நம்பவில்லை. நம்பாததை ஊரில் சொன்னான். ஊருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஆள் கிடைத்துவிட்டது.

அந்த வாரம் மருந்துக்கடை பூபதி மொபெட்டில் வந்தான். இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பேசினான்.

"இன்னா மாசிலாமணி, புழுவுக்குத் தேவாரம் பாடறீங்களாமே. கேக்குதா அது?"

பூபதி பையிலிருந்து ஒரு மருந்து டப்பாவை எடுத்துக் காட்டினான்.

"புதுச் சரக்கு வந்திருக்கு. முதல் டேங்கு என் கணக்கு. சும்மா ஊத்தறேன். அப்புறம் பாத்துக்கலாம்."

சுற்றி நின்ற கூட்டத்தில் துரைக்கண்ணு இருந்தான். இந்த ஊரில் கொஞ்சம் கூடுதலாகக் கத்தரி வைத்தவன் அவன்தான். கூடுதலாக நஷ்டப்பட்டவனும் அவன்தான்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம்" என்றான் துரைக்கண்ணு. "அதுக்கும் நிக்கலன்னா டேங்கை இறக்க வேண்டியதுதான். கெங்கம்மா தோட்டத்துலருந்து ஆரம்பிச்சிடலாம். அங்கதான் பொறப்பெடுக்குது."

"யார் அடிக்கறது?" என்று ஒருவன் கேட்டான்.

எல்லாரும் மாசிலாமணியைப் பார்த்தார்கள். ஊரில் அந்த டேங்கைத் தூக்கிப் பழகியவர்கள் இரண்டு பேர்தான். ஒருவன் மண்ணுக்குள் இருந்தான்.

விஷயம் கெங்கம்மா காதுக்குப் போனது. அவள் வீட்டு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"என் புருஷனைத் தின்ன டேங்கு என் வரப்புல ஏறினா, தூக்கினு வர்றவன் கால் திரும்பிப் போவாது. சொல்லிட்டேன்."

பயம் மாசிலாமணியைப் பிடித்துக்கொண்டது. பயந்தவனுக்குக் கோபம் சீக்கிரம் வரும். கெங்கம்மா ஒழுங்காகக் கிள்ளியிருந்தால் இந்தக் கதி வருமா என்று நினைத்தான். நினைக்க நினைக்க அது நிஜமாகிவிட்டது.

மறுநாள் கெங்கம்மா தலையில் ஒரு கட்டு கத்தரிமாரோடு வந்தாள். கிணற்றுப் பக்கம் அவளுக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. அதில் காய் ஓய்ந்து, செடியைப் பிடுங்கியிருந்தாள். முதல் கட்டு. பச்சைச் சேலைக் கிழிசலால் கட்டியிருந்தாள்.

மாசிலாமணி மடத்து வாசலில் குறுக்கே நின்றான்.

"உன் கட்டு வாணாம்."

"மடத்துக்குக் கொண்டாந்தேன். உனக்கில்ல."

"ஒழுங்கா கிள்ளாத தோட்டத்து விறகு மடத்து அடுப்புல எரியாது."

"நீ சொல்றியா, சாமி சொல்றாரா?"

"நான் சொல்றேன். போ."

அவள் போகவில்லை. அவனே கட்டை அவள் தலையிலிருந்து இறக்கி, சுமந்து கொண்டுபோய், அவள் வீட்டு வாசலில் போட்டுவிட்டு வந்தான். தெருவே பார்த்தது. இந்த ஊரில் திருப்பப்பட்ட முதல் கட்டு அது.

கஞ்சி நேரத்தில் அடிகளிடம் சொன்னான்.

"கெங்கம்மா கட்டைத் திருப்பிட்டேன் சாமி."

அடிகள் கையிலிருந்த கலயம் பாதியில் நின்றது.

"நான் சொன்னேனா?"

"எங்க அதிகமோ அங்க போன்னு சொன்னீங்க."

"போய்ப் பாருன்னேன். திருப்புன்னு சொன்னேனா?"

கலயத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். நேராகக் கெங்கம்மா வீட்டுக்குப் போனார். கட்டு வாசலிலேயே கிடந்தது.

"குடும்மா. நானே தூக்கினு போறேன்."

"வாணாம் சாமி."

"தப்பு மடத்து மேல."

"இருக்கட்டும். திருப்பின விறகு திருப்பினதுதான். எங்கூட கெடக்கட்டும்."

"கோவமா?"

"ஆமா."

அடிகள் தலையாட்டிவிட்டுத் திரும்பினார்.

வானம் மூட்டமாக இருந்தது. கெங்கம்மா கட்டை இழுத்து, சாமான் வைக்கிற சின்ன அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். சன்னல் இல்லாத அறை. அப்புறம் அதை மறந்துபோனாள். தோட்டத்தில் வேலை கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அந்தச் சுவரோரத்துப் பாத்தியையாவது நிமிர்த்திக் காட்ட வேண்டும். கிள்ளினாள். கிள்ளிக்கொண்டே இருந்தாள். கிள்ளின இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி சாய்ந்தது.

ஒருநாள் காலை மண்வெட்டி எடுக்க அந்த அறையைத் திறந்தாள்.

சுவரில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. சுண்ணாம்பு பெயர்ந்திருக்கிறது என்று நினைத்தாள். அதில் ஒன்று பறந்தது.

சின்ன அந்துப்பூச்சி. வெள்ளை றெக்கை. அதில் துருப்பிடித்த மாதிரி திட்டு. உட்காரும்போது வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தது. அவளுக்குத் தெரியாத பூச்சியா? பொழுது சாய்கிற நேரத்தில் கத்தரிச் செடி மேல் வந்து முட்டை வைக்கிற பூச்சி. இதன் பிள்ளைதான் காயைக் குடைகிறது.

சாத்தின அறைக்குள் எப்படி வந்தது?

கட்டை வெளிச்சத்துக்கு இழுத்தாள். தண்டில், கிளை பிரிகிற இடத்தில், காய்ந்த இலைக்குள், சாம்பல் நிறத்தில் கூடு கூடாக இருந்தது. சிலது ஓட்டை. சிலது இன்னும் ஓட்டையாகவில்லை.

கெங்கம்மா படுக்கையிலிருந்து கொசுவலையைக் கழற்றினாள். பழைய நூல் வலை. கல்யாணத்துக்குப் புருஷன் வாங்கினது. கட்டை அதில் போட்டு வாயை இறுக்கிக் கட்டினாள்.

பிறகு தோட்டத்துக்குப் போனாள். சுவரோரத்துப் பாத்தியில், அன்றைக்கு மாசிலாமணி நின்ற இடத்தில் நின்றாள். நின்று, திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை. கஞ்சி நேரம். ஊர் முழுக்க மடத்து முற்றத்தில் இருந்தது. கஞ்சிக்காக மட்டும் வரவில்லை.

டேங்கு ஆணியிலிருந்து இறங்கியிருந்தது. பூபதி மொபெட்டில் உட்கார்ந்தபடியே டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அந்த வாடை வந்தது. மாசிலாமணி டேங்கின் வாரைத் தோளில் மாட்டினான்.

அடிகள் அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"சாமி, ஊர் சொல்லுது. நான் இன்னா பண்ணட்டும்?"

"முதுகு யார்து?"

"என்னுதுதான்."

"அப்ப ஊரை எதுக்குக் கேக்கற?"

மாசிலாமணி வாரைக் கழற்றவில்லை.

கூட்டம் விலகியது. கெங்கம்மா வந்தாள். தலையில் வலை சுற்றின கட்டு. முற்றத்தின் நடுவில், டேங்குக்கு எதிரே, தொப்பென்று போட்டாள்.

"இன்னாது இது?" என்றான் துரைக்கண்ணு.

"மருந்தடிக்கணும்னு துடிக்கறீங்களே. இதுக்கு அடிங்க. இங்கதான் இருக்குது."

பூபதி சிரித்தான்.

"விறகைக் கொசு கடிக்குதா? வலை கட்டித் தூங்க வச்சிருக்கற?"

"கிட்ட வந்து பாரு. மொபெட்ட விட்டு எறங்கினா கால் தேஞ்சு போவாது."

அவன் இறங்கவில்லை. அடிகள் எழுந்து வந்தார். குந்தி உட்கார்ந்து வலையைப் பார்த்தார். வலைக்குள் பக்கமெல்லாம் பூச்சி. நடந்தது. பறந்து முட்டியது. வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தது. துரைக்கண்ணு குனிந்தான். பார்த்ததும் அவன் முகம் மாறியது. அவனுக்கும் தெரிந்த பூச்சிதான்.

"எங்கிருந்து புடிச்ச?" என்றான்.

"புடிக்கல. பொறந்துது. இந்தக் கட்டுலருந்து. மணியண்ணன் திருப்பிக் குடுத்தாரே, அதே கட்டு. சாத்தின அறையில போட்டேன். அதனாலதான் தெரிஞ்சுது. திருப்பாம இருந்தா இதுவும் அங்க போயிருக்கும்."

அங்க என்று கையை நீட்டினாள். எல்லாரும் பார்த்தார்கள். மடத்துக்குப் பின்னால் பாறை. பாறை மேல் பனையோலை மூடின குவியல்.

"ஒரு கட்டுல இவ்வளவு" என்றாள்.

மாசிலாமணிக்குக் குரல் உயர்ந்தது.

"ஏய், அது காணிக்கை!"

"அது பூச்சிக்குத் தெரியுமாண்ணா?"

அடிகள் சீடன் பக்கம் திரும்பினார்.

"அவ தோட்டத்துல போய் நின்னியே. எங்க பாத்த?"

"அவளைப் பாத்தேன் சாமி."

"முதுகு எந்தப் பக்கம்?"

மாசிலாமணி சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

"மடத்துப் பக்கம்."

கெங்கம்மா விடவில்லை.

"அவரை மட்டும் கேக்காதீங்க சாமி. நீங்களும் தினம் அதுக்குப் பக்கத்துல உக்காந்துதானே கஞ்சி குடிச்சீங்க."

முற்றத்தில் ஒரு கிழவர் காதைப் பொத்திக்கொண்டார். அடிகளை அப்படி யாரும் கேட்டதில்லை.

"ஆமா" என்றார் அடிகள்.

நடந்தார். கூட்டம் பின்னால் போனது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போனது. அடிகள் கழற்றவில்லை. பனையோலையை இழுத்துத் தள்ளினார். அடியிலிருந்து ஒரு கட்டை உருவிப் பாறையில் ஓங்கித் தட்டினார்.

புகை மாதிரி கிளம்பியது. அத்தனையும் பூச்சி. பட்டப்பகலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சுவரைத் தாண்டிக் கெங்கம்மா தோட்டத்துக்குள் இறங்கியது.

ஊர் பார்த்துக்கொண்டு நின்றது.

"எரிக்கணும்" என்றார் அடிகள்.

"சாமி!" துரைக்கண்ணு முன்னால் வந்தான். "மூணு தலைமுறைக் காணிக்கை சாமி. எங்க தாத்தன் ஆரம்பிச்சது."

"புழுவும் மூணு தலைமுறைதான்."

"நாளைக்கு அடுப்புக்கு?"

"நாளைக்கு அடுப்பு இல்ல."

"ஊருக்குக் கஞ்சி?"

"பட்டினி கெடங்க. நானும் கெடக்கறேன்."

அடிகள் அடுப்பிலிருந்து ஒரு கொள்ளிக்கட்டையை எடுத்து வந்தார். மாசிலாமணியிடம் நீட்டினார். வாங்கினான். வாங்கிக்கொண்டு நின்றான். ஒவ்வொரு கட்டையும் அவன் கையால் அடுக்கியிருந்தான். எந்தக் கட்டுக்கு யார் பேர் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். கொள்ளி அவன் கையில் புகைந்தது. கை முன்னால் போகவில்லை. முதுகில் டேங்கு இருந்தது. அதை அவன் மறந்துபோயிருந்தான்.

வேறு யாரும் கை நீட்டவில்லை. சாமி காரியத்தில் தீ வைக்க யாருக்குத் துணிச்சல்?

கெங்கம்மா முற்றத்துக்குப் போய், வலையோடு தன் கட்டைத் தூக்கி வந்தாள். குவியலின் அடியில் செருகினாள். பச்சைக் கிழிசல் வெளியே தெரிந்தது. மாசிலாமணி கையிலிருந்து கொள்ளியைப் பிடுங்கினாள். முதலில் தன் கட்டுக்கு வைத்தாள்.

நூல் வலை பிடித்தது. கட்டு பிடித்தது. குவியல் பிடித்தது. கத்தரிமார் நன்றாக எரியும் என்று சொன்னேன் இல்லையா? மடத்து உயரத்துக்கு எரிந்தது. எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள். அவள் நகரவில்லை.

பூபதி தூரத்திலிருந்து கத்தினான்.

"விறகை எரிச்சா புழு செத்துடுமா? அடுத்த வாரம் என் கடை வாசல்லதான் வந்து நிப்பீங்க!"

"நீ இங்க வா" என்றாள் கெங்கம்மா. "உனக்கும் கஞ்சி ஊத்தறோம். வரும்போது கையை மட்டும் கழுவிக்கினு வா."

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். பூபதி டப்பாவை மூடிக்கொண்டு கிளம்பினான்.

அப்புறம் அவள் மாசிலாமணியிடம் வந்தாள்.

"அதைக் கழட்டு."

கழற்றினான்.

"கீழ வை."

வைத்தான். மடத்துச் சுவரில் ஒரு கடப்பாரை சாய்த்திருந்தது. எடுத்து வந்தாள். ஒரே போடு. டேங்கு வாயைப் பிளந்தது. அவள் கடப்பாரையை இருந்த இடத்தில் சாய்த்துவிட்டு, தோட்டத்துக்குப் போனாள். அழுதாளா என்று யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் மடத்தில் அடுப்பு எரியவில்லை. அடிகள் பட்டினி. மாசிலாமணி வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"சாமி, அவ கால்ல போய் விழட்டுமா?"

"எதுக்கு?"

"தப்பு பண்ணிட்டேன்."

"கால்ல விழுந்தா அவளுக்கு இன்னா கெடைக்கும்?"

மாசிலாமணி எழுந்து நின்றான்.

"ஏரியில வேலிக்காத்தான் முள்ளு மண்டிக் கெடக்குது" என்றார் அடிகள். "போய் வெட்டு. நாளைக்கு மடத்துக்கு விறகு வேணும்."

போனான். முள் கையைக் கிழித்தது. அன்றிலிருந்து தினம் அவன்தான் வெட்டினான். ஒருநாள் சந்தைப் பக்கம் போனவன் ஒரு கொசுவலை வாங்கி வந்து, கெங்கம்மா வீட்டு வாசலில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. திருப்பவும் இல்லை.

பழக்கம் நின்றது. ஓய்ந்த செடியைப் பிடுங்கினால் காயவைக்க யாரும் ஊருக்குள் கொண்டுவரவில்லை. தோட்டத்து மூலையிலேயே குழி வெட்டிப் போட்டு, மண்ணைத் தள்ளி மிதித்தார்கள். குருத்து கிள்ளுவதை விடவில்லை. வேப்பங்கொட்டையையும் விடவில்லை. துரைக்கண்ணு மட்டும் தாத்தன் பேரைச் சொல்லி முணுமுணுத்துக்கொண்டே குழி வெட்டினான். ஆனால் வெட்டினான்.

புழு ஒரேயடியாகப் போய்விடவில்லை. அது போகாது. குறைந்தது. முதலில் சுவரோரத்துப் பாத்தியில் ஒரு குருத்து நிமிர்ந்தது. பிறகு பாத்தியே நிமிர்ந்தது. கூடையில் ஒன்றிரண்டு ஓட்டைக் காய் இருக்கும். பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். அது திரும்பி வரவில்லை.

காய் நன்றாக இறங்கின ஒரு நாள் ஊர் மடத்துக்குக் கூடைகளோடு வந்தது. கஞ்சியும் கத்தரிக்காய்க் குழம்பும். வரிசை வாசல் தாண்டிப் போனது.

மாசிலாமணி அகப்பையைக் கையில் எடுத்தான். குவியல் எரிந்த நாளிலிருந்து அவன் பேர் சொல்வதில்லை. பேசாமல் ஊற்றிவிடுவான். விறகு அவன் வெட்டினது. தன் பேரைத் தானே எப்படிச் சொல்லிக்கொள்வது?

துரைக்கண்ணு வரிசையில் முதல் ஆள். கலயத்தை நீட்டவில்லை.

"பேர் சொல்லு மணி. பேர் இல்லாத கஞ்சி தொண்டையில எறங்க மாட்டேங்குது."

"கட்டே இல்ல. யார் பேரைச் சொல்ல?"

"நல்ல நாளு. யார் பேரையாவது சொல்லு."

மாசிலாமணி அடிகளைப் பார்த்தான்.

"சாமி, உங்க பேரைச் சொல்லட்டுமா? புழுவை ஓட்டினது நீங்கதான்."

"நான் ஓட்டல. பக்கத்துல உக்காந்து கஞ்சி குடிச்சேன்."

"அப்ப ஊர் பேரைச் சொல்றேன்."

"ஊர் உன் முதுகுல டேங்கை ஏத்துச்சு."

வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஊத்துண்ணா சீக்கிரம். வாய்க்கால்ல தண்ணி திறந்துட்டு வந்திருக்கறேன். பாத்தி நிரம்பிடும்."

மாசிலாமணி அந்தப் பக்கம் பார்த்தான். அகப்பையைத் தூக்கினான்.

"இன்னைக்கு அடுப்பு..." என்றான்.

நிறுத்தினான். மறுபடி வாயைத் திறந்தான். பேர் வரவில்லை. அகப்பையிலிருந்து கஞ்சி சொட்டியது. அவள் கட்டை அவன் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டதைப் பார்த்த தெரு முழுக்க அங்கே நின்றுகொண்டிருந்தது.

அடிகள் எழுந்தார். அந்த மடத்தில் அவர் பேர் சொன்னதே இல்லை. ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"கெங்கம்மா."